காருக்கு ஒரு வெட்டிவேர்ப் பெட்டி

ஒன்றும் தெரியாதவனால் ஓர் இயந்திரத்தைக் கெடுக்க முடியாது. அவன் அதைத் தொடவே பயப்படுவான். எல்லாம் தெரிந்தவனும் கெடுக்க மாட்டான். ஏதோ ஒரு புத்தகத்தில் நாலு பக்கம் படித்தவன்தான் அந்தக் காரியத்துக்குப் பொருத்தமான ஆள். எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்படி ஒருவன் திரிந்துகொண்டிருந்தான். பி.எஸ்ஸி. பௌதிகத்தில் கடைசிப் பரீட்சையைக் கோட்டை விட்டுவிட்டு, அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, மிச்ச நேரத்தில் மேகங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். (திரிந்தேன், சாப்பிட்டேன் என்றுதான் எழுத வேண்டும். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இந்த ஒரு பத்திக்கு விட்டுவிடுங்கள்.)

அக்கா பெயர் சரோஜா. அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா, பல வருஷம் மற்றவர்களின் கார்களை ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருந்தார். மேலே மஞ்சள், கீழே கறுப்பு அடித்து, பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிறுத்தியிருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் உட்காருவார். அந்தச் செருப்புகளை எடுத்து டிக்கியில் வைப்பது அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே நிரந்தர உத்தியோகம்.

காருக்கு ஒரு குறை இருந்தது. சித்திரை வெயிலில், உச்சி வேளையில், காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது இருமும். மூச்சு வாங்கும். பிறகு நின்றுவிடும். அந்தக் காலத்தில் எல்லாக் கார்களும் கோடையில் அப்படித்தான். இன்ஜினை ஒட்டியிருக்கிற பெட்ரோல் பம்ப் சூடேறி, பெட்ரோல் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். வைத்தியமும் எல்லா டிரைவர்களுக்கும் ஒன்றுதான். பானட்டைத் திறந்து, பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, புளியமரத்தடியில் ஒரு பீடி. பயணிகளும் இறங்கி நின்று வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மாடு தண்ணீர் குடிக்க நிற்கிறது, கார் துணி சுற்றிக்கொள்ள நிற்கிறது, அவ்வளவுதான். பௌதிகம் படித்த எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

அந்த வருஷம் வைகாசிக்கு முன்னால் மானாம்பதியிலிருந்து வரதப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெல்லும் கரும்பும் போடுகிறவர். குரல் பம்ப்செட்டுக்கு மேலே கேட்டுப் பழகிய குரல். மகன் ஜெயபாலுக்கு உத்திரமேரூரில் பெண் பார்த்து முடித்திருந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு மாமாவின் கார் வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பொண்ணோட அண்ணன் இன்னா கேட்டான் தெரியுமா ஏகாம்பரம்? உங்க மாப்ளை எதுல வருவாரு, ஏர் கட்டிக்கினு வருவாரான்னு கேட்டான். எங்கிட்டயே கேக்கறான். சிரிச்சிக்கினே கேக்கறான். அதனால கார்ல தான் வரணும் என் புள்ள."

"வருவாரு நைனா," என்றார் மாமா. "நான் கொண்ணாந்து வுடறேன்."

"இந்த ஒண்ண நல்லபடியா முடிச்சிக் குடு. எங்க ஊரு கல்யாணம் அத்தினிக்கும் இனிமே உன் வண்டி தான்."

மாமாவின் முகத்தை அன்று நான் பார்த்தேன். கடைசி பஸ் போன பிறகும் ஸ்டாண்டில் காத்துக் கிடக்கிற மனிதருக்கு ஓர் ஊரே தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் வாக்குக் கொடுத்த மாதிரி.

ஒரு சிக்கல் இருந்தது. காருக்கு எஃப்.சி. முடியப்போகிறது. வாடகைக் கார் ஓடுவதற்குத் தகுதி உள்ளதுதான் என்று வருஷா வருஷம் வாங்க வேண்டிய சான்று அது. அதைக் கொடுக்கிற அதிகாரியை எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். மாதத்துக்கு ஒரு முறை ஏரிக்கரை மைதானத்தில் முகாம் போடுவார். அந்த மாத முகாம் கல்யாண வாரத்திலேயே வந்தது. அங்கே கார் தேறினால் மாப்பிள்ளை காரில் வருவார். தேறாவிட்டால் ஏர்தான். பெரிய முகூர்த்தம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் வேறெந்தக் காரும் காலியில்லை.

நான் இதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எனக்கு ஓர் ஆங்கில மோட்டார் பத்திரிகை கிடைத்திருந்தது. முன் அட்டையும் பின் அட்டையும் இல்லை. உள்ளே எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் காருக்குத் தானே ஒரு காற்றுப்பெட்டி செய்த கதை படங்களோடு இருந்தது. இன்ஜின் தன் பக்கத்தில் இருக்கிற சூடான காற்றைக் குடித்துக் குடித்துச் சோர்ந்துபோகிறது. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை ஒரு குழாய் வழியாக இழுத்து, ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தால் அதற்குத் தெம்பு வருகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இதை நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். (அந்தக் கேள்விக்கு மட்டும் முழு மார்க் வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.)

படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. அந்த மனிதனின் ஊரில் வெளிக்காற்று தானாகவே குளிராக இருக்கிறது. அவன் அதைப் பிடித்து உள்ளே விட்டால் போதும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி வெளிக்காற்று என்பது அடுப்பு வாயிலிருந்து ஊதுகிற காற்று. அதைப் பெட்டியில் அடைத்தால் சூடான காற்று சூடான பெட்டிக்கு வரும். ஆகவே எங்கள் ஊரில் குளிர்ந்த காற்றைப் பிடிக்க முடியாது, முதலில் செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்வது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஏதோ சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். தாசில்தார் அறையின் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பியூன் செம்பால் தண்ணீர் அள்ளி அதன்மேல் விசிறினான். அந்தப் பக்கம் அனல், இந்தப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த வாசனை. தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டு, காதலிக்கப்படுகிற மனிதரைப் போல உட்கார்ந்திருந்தார். நான் சான்றிதழ் வாங்காமலே ஓடி வந்துவிட்டேன்.

தகர வேலை செய்கிற பாய் கடையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டியாக்கினேன். பக்கத்து வீட்டுப் பம்ப்செட்டில் கழித்துப் போட்ட ரப்பர் ஹோஸ் ஒரு துண்டு. அதன் ஒரு முனை காரின் முன்பக்கக் கம்பிகளுக்குப் பின்னால், ஒரு பெரிய புனலோடு, வாயைத் திறந்து நிற்கும். மறுமுனை பெட்டிக்குள் போகும். பெட்டியின் இன்னொரு ஓட்டை, பழைய காற்று வடிகட்டியைக் கழற்றிய இடத்தில், இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்பரேட்டரின் வாயில் நேராக உட்காரும். நடுவில் கோழி வலையை வளைத்து, அதன்மேல் வெட்டிவேர். வேர் அக்காவுடையது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் போட வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற என் வேர வெச்சிக்கினு?" என்று கேட்டாள்.

"காருக்குக் குளிர்ச்சிக்கா."

"காருக்குத் தலை எங்கடா கீது?"

இந்தக் கேள்வியை அப்போது நான் மதிக்கவில்லை.

பெட்டியில் ஒரு துளி ஒழுகல் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பாயின் உயிரை வாங்கி, மூலை மூலையாக ஈயப் பற்று வைக்கச் சொன்னேன். தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்து, ராத்திரி முழுக்க விட்டு வைத்தேன். காலையில் செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். குடம் செய்கிறவன் படவேண்டிய சந்தோஷம் அது. நான் செய்தது குடமல்ல என்பது என் மூளையில் உறைக்கவில்லை.

இனி வேர் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். காருக்குள் பியூன் வைக்க முடியாது. தெரிந்த கம்பவுண்டர் ஒருவரிடம் காலியான குளுகோஸ் பாட்டில் ஒன்றையும் அதன் ரப்பர் குழாயையும் கேட்டு வாங்கினேன். சொட்டை வேகமாக, மெதுவாக வைக்கிற திருகு அதிலேயே இருந்தது. பானட்டுக்குள் தொங்கவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும் என்பதால் பாட்டிலைக் காருக்குள், டிரைவர் பார்க்கிற கண்ணாடிக் காம்பில், தலைகீழாகக் கட்டினேன். குழாய் டாஷ்போர்டுக்குக் கீழே நுழைந்து, ஒயர்கள் போகிற ஓட்டை வழியாக இன்ஜின் பக்கம் போனது.

மாமா நீண்ட நேரம் பார்த்தார். நல்ல மனிதர். படித்த மச்சானை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரு விரதம் வைத்திருந்தார்.

"ஓடுமா மச்சான்?"

"ஓடாது மாமா. பறக்கும்."

மானாம்பதி வரை போய் வந்தோம். உச்சி வேளை. போகும்போதும் வரும்போதும் கார் ஒரு முறைகூட இருமவில்லை. மாமா திரும்பத் திரும்ப என் தோளைத் தட்டினார். (அன்று காலையிலிருந்தே கோடை மழைக்கு மேகம் கட்டி, வெயிலே இல்லை. மேகங்களுக்குப் பெயர் வைக்கிறவன் அந்த ஒரு நாள் அண்ணாந்து பார்க்கவில்லை.)

அடுத்த இரண்டு நாள் வாடகைக்குப் போனபோது, ஏறுகிறவர்கள் பாட்டிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் செய்தி பரவியது: ஏகாம்பரம் காருக்குக் குளுகோஸ் ஏறுது, தேறுமா தேறாதா தெரியல.

முகாம் நாள் வந்தது. ஏரி வற்றிக் கிடந்தது. கரையை ஒட்டிய மைதானத்தில் லாரி, வேன், டிராக்டர் டிரெய்லர் என்று வரிசை. எங்களுக்கு முன்னால் நீளமாக நின்றிருந்தது. அன்று மேகம் கிடையாது. வெயில், ஏரியின் வெடித்த மண்ணிலிருந்து கிளம்பி மேலே போகிற மாதிரி இருந்தது. மாமா இன்ஜினை அணைத்துவிட்டுக் காரைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் பாட்டிலைக் கவனித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஏறும்போது வேர் நன்றாக ஊறியிருக்க வேண்டுமல்லவா? திருகை முழுக்கத் திறந்துவிட்டேன். பாட்டில் காலியானதும் இறக்கி, இன்னொரு முறை நிரப்பிக் கட்டினேன். அதுவும் காலியானது. மறுபடி நிரப்பினேன்.

கார் நிற்கிறது, இன்ஜின் காற்றை இழுக்கவில்லை, வேர் காயவில்லை, சொட்டுகிற தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கேள்வி உண்டு. ஐந்தாம் வகுப்புக் கேள்வி. நான் பி.எஸ்ஸி. வரை படித்திருந்ததால் அது எனக்கு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை. சிரிப்பதற்கென்று முகத்தில் இடம் ஒதுக்காதவர். விளக்குகளைப் பார்த்தார். ஹாரனைக் கேட்டார். மாமாவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்சீட்டில். அவர் மூக்குக்கு நேராகப் பாட்டில் ஆடியது.

"இது யாருக்கு?"

"வண்டிக்குங்க சார்," என்றார் மாமா.

"வண்டிக்கு என்ன?"

"உஷ்ணம் சார்."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்கத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "எடு. கொஞ்சம் வேகமாப் போ. நான் கதவைத் தட்டினதும் பிரேக் போடணும்."

மாமா எடுத்தார். கார் கிளம்பியது. மைதானத்தின் நடுவில் நல்ல வேகம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். மாமா பிரேக்கை மிதித்தார்.

அற்புதமான பிரேக். நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் காருக்கு வணக்கம் சொன்னோம். பெட்டிக்குள் தேங்கியிருந்த தண்ணீரும் சொன்னது. அது மொத்தமாக எழுந்து, ஒரே வாயாக, கார்பரேட்டருக்குள் போயிற்று. உள்ளே 'ஹக்' என்று ஒரு சத்தம். சோற்றை விழுங்கும்போது சிரித்தால் வருமே, அந்தச் சத்தம். காருக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பாட்டில் மட்டும் தன் கடமையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமா சாவியைத் திருகினார். 'டக்' என்றது, அவ்வளவுதான். இறங்கினோம். மாமா பிளக்குகளைக் கழற்றினார். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். பானட்டுக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளக் இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெளித்தது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அதைவிடத் தாராளம். அவர் சட்டையை நுனிவிரலால் தூக்கி முகர்ந்தார்.

"வெட்டிவேரா?"

"ஆமா சார்," என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்தார். கைப்பிடியைச் சுற்றும்போது இன்ஜினுக்குள் ஏதோ இடித்தது. வரிசையில் நின்ற லாரி மெக்கானிக் ஒருவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிஸ்டனைத் தாங்குகிற தண்டு வளைந்துவிட்டது, இன்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும், சாமான் மெட்ராசிலிருந்து வர வேண்டும் என்றார்.

மாமா இன்ஸ்பெக்டரிடம் கல்யாண விஷயத்தைச் சொன்னார். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் கடைசிவரை கேட்டார்.

"உன் பிரேக் பிரமாதம்," என்றார். "லைட் சரி, ஹாரன் சரி. ஆனா ஓடற வண்டிக்குத்தான் எஃப்.சி. தர முடியும். அடுத்த கேம்ப்புக்கு வா. அதுவரைக்கும் ரோட்டுல ஓட்டினா கேஸ் எழுதுவேன்."

"வூட்டுக்கு எப்டி சார் கொண்டுபோறது?"

"தள்ளிட்டுப் போ. தள்றதுக்கு எஃப்.சி. வேணாம்."

மாமா கண்ணாடிக் காம்பிலிருந்து பாட்டிலை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "இத்த புடி" என்றார். விரதம் அன்றும் கலையவில்லை. கலைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பஜார் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனோம். வேறு வழி இல்லை. இரண்டு பக்கக் கடைக்காரர்களும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். "குளுகோஸ் நிறுத்திட்டாங்களா?" என்று ஒருவர் விசாரித்தார்.

வீட்டில் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வரதப்பரிடம் போய் என்ன சொல்வது? எடுத்த வெற்றிலையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அந்த ஊர் இனி இவர் காரின் பக்கம் திரும்பிப் பார்க்குமா? நான் கொல்லைப்பக்கம் போய், செத்துப்போகலாமா, மெட்ராஸ் போகலாமா என்று யோசித்தேன். இரண்டுக்கும் பஸ் பிடிக்க அக்காவிடம்தான் காசு கேட்க வேண்டியிருந்தது.

அக்கா அரிசி களைந்துகொண்டே இன்ஸ்பெக்டர் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"தள்றதுக்கு வேணாம்னாரா?"

"ஆமாக்கா."

"மாப்ளை அழைப்பு இன்னா பஸ்ஸு வேகத்துலயா போவுது? மேளக்காரன் நடக்கற வேகத்துல தான போவும். அதுக்கு எதுக்குடா இன்ஜினு?" களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "காரு இருக்குது. சீட்டு இருக்குது. பூ கட்டினா ஜோரா இருக்கும். இன்ஜினுக்கு பதுலா இந்தத் தடிமாட்ட பின்னால கட்டுங்க."

மாமா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

சைக்கிளில் மானாம்பதி போனோம். மாமா மிதித்தார், நான் பின்னால். வரதப்பர் கரும்புக் கொல்லையில் இருந்தார். நடந்ததை மாமா ஒன்றுவிடாமல் சொன்னார். வெட்டிவேரைக்கூட விடவில்லை. வரதப்பர் குனிந்து மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப என் புள்ள தள்ற வண்டில வரணும்."

"இன்ஜின் சத்தம் இருக்காது நைனா. மேளம் நல்லா கேக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ள தான் பண்ணதா?"

"ஆமா நைனா."

"தள்றது யாரு?"

"இவன் தான்."

"அப்ப சரி," என்றார் வரதப்பர்.

மாப்பிள்ளை ஜெயபால் மானாம்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து, கோயில் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு, மாலையோடு எங்கள் காரில் ஏறினார். கார் அன்று இருந்த அழகு! சம்பங்கியும் கனகாம்பரமும் சரம் சரமாகத் தொங்கின. மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வளைவுகளில் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார், நடந்து போகிறவர்களுக்கு. தேவைப்படாத இடங்களிலும் ஹாரன் அடித்தார். பின்னால் நானும் ஸ்டாண்டு நண்பர்கள் மூன்று பேரும் டிக்கியில் தோள் கொடுத்துத் தள்ளினோம். எங்கள் முகம் தெரியாமலிருக்க அக்கா டிக்கியின் மேல் ஒரு பட்டுத் துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். துண்டுக்குக் கீழே நாலு ஜோடிக் கால்கள் நடந்ததை ஊர் பார்த்தது.

மாமா சொன்னது உண்மையாயிற்று. அந்த ஊர்வலத்தில் நாதசுரம் கேட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. தவில் ஒவ்வோர் அடியும் காரின் தகரத்தில் இறங்கி என் தோளுக்கு வந்தது. பெட்ரோல் புகை இல்லை. பூ வாசனையும், வியர்வை வாசனையும், எங்கோ உள்ளேயிருந்து விடாமல் வந்துகொண்டிருந்த வெட்டிவேர் வாசனையும்தான்.

பெண் வீட்டுத் தெருமுனையில் ஒரு சின்ன ஏற்றம். நடக்கிறவர்களுக்கு அது தெரியாது. தண்ணீருக்கும் தள்ளுகிறவனுக்கும் மட்டும்தான் தெரியும். கார் நின்றது. தள்ளினோம். ஒரு முழம் போய், அதே முழம் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினோம். என் கால் மணலில் உழுதது. மேளக்காரர்கள் முன்னே போய்விட்டு, திரும்பிப் பார்த்து, நின்ற இடத்திலேயே வாசித்தார்கள். பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். ராகுகாலம் வரப்போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்ணாடி வழியாக மாமாவின் பிடரி தெரிந்தது, அது விறைத்துப்போயிருந்தது. வரதப்பர் காருக்குப் பக்கத்தில் நின்றார். அந்த மனிதர் யாரிடமும் உதவி கேட்கப் போவதில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் போனால் மாப்பிள்ளை கோட்டோடு இறங்கி நடக்க வேண்டியதுதான்.

அப்போது பெண் வீட்டு வாசலிலிருந்து ஓர் ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பெண்ணின் அண்ணன். ஏர் கட்டி வருவாரா என்று கேட்டவர். பட்டுத் துண்டைத் தூக்கிப் போட்டார். என்னைத் தோளால் இடித்து நகர்த்தினார். "இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க, எல்லாரும் வந்து கை குடுங்கப்பா, நேரம் ஆவுது" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார். தம்பிகள், பங்காளிகள் என்று பெண் வீட்டார் எல்லோரும் வந்து கை வைத்தார்கள். கார் ஏற்றத்தில் ஏறியது.

வரதப்பர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். பம்ப்செட்டை மீறுகிற அந்தக் குரல் அன்று நாதசுரத்தையும் மீறியது.

"பாத்துக்கோங்கப்பா. பொண்ணு வூட்டார் என் புள்ளைய அவங்க கையாலயே தள்ளிக்கினு போயி கூப்டுக்கறாங்க. இந்த மரியாத யாருக்கு கெடைக்கும்?"

பெண்ணின் அண்ணன் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

மாமா இன்ஜினைச் சரி செய்து, பழைய காற்று வடிகட்டியை அதன் இடத்தில் வைத்து, அடுத்த முகாமில் எஃப்.சி. வாங்கினார். வரதப்பர் சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஆவணியில் மானாம்பதியில் நடந்த கல்யாணத்துக்கு மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். கார் நன்றாக ஓடியது. பெண் வீட்டுத் தெருமுனை வந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா, "இங்க ஆஃப் பண்ணிடு ஏகாம்பரம். அவங்க வந்து தள்ளட்டும்" என்றார். மாமாவுக்குப் புரியவில்லை. வரதப்பர் வூட்டுக்கு மட்டும்தான் அந்த மரியாதையா என்று சித்தப்பா கேட்டார். மாமா அணைத்தார். பெண் வீட்டார் வந்து தள்ளினார்கள். அதற்கு அடுத்த கல்யாணத்தில் யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மெல்ல மெல்ல அது பக்கத்து ஊர்களுக்கும் போயிற்று. மாமா எங்கும் வாயைத் திறக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம். பையன் வீடு மானாம்பதிக்குப் பக்கம். மாப்பிள்ளை அழைப்பு மண்டபத் தெருமுனைக்கு வந்தது. ஏ.சி. வைத்த பெரிய கார், உள்ளே பாட்டு. இன்ஜின் அணைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், டவுனில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்ற பரிவோடு விளக்கினார்.

"சம்பந்தி, இது எங்க பக்கத்து முறை. காலங்காலமா வர்றது. பொண்ணு வூட்டார் தள்ளித்தான் மாப்ளைய உள்ள அழைக்கணும். ஏன்னு எனுக்குத் தெரியாது. அந்த காலத்து ஆளுங்க காரணமில்லாமயா வெச்சிருப்பாங்க?"

ஏகாம்பரம் மாமா மண்டப வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனேன். புதுக் கார், தள்ளக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அக்கா ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா குனிஞ்சி தள்ளு," என்றாள். "உனுக்கு தான் பயக்கமாச்சே."